சிட்னியில் ஒரு தெருக்குத்து வீடு

திருச்சியில் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். நான் சிவில் படித்தவன், வாஸ்து படித்தவன் அல்ல. ஆனால் எங்கள் ஊரில் வாஸ்து தெரியாது என்று சொல்லும் இன்ஜினியர் கடையைச் சாத்திவிட்டுக் காவிரிக் கரையில் காற்று வாங்கப் போக வேண்டியதுதான். அதனால் ஈசானியம், அக்னி மூலை எல்லாம் எனக்கும் அத்துப்படி. நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். மருந்துக் கடைக்காரர் எல்லா மருந்தையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டா விற்கிறார்?

இந்தப் பிழைப்புதான் என்னைச் சிட்னிக்குக் கொண்டுபோனது. என் தங்கை வசந்தியும் அவள் கணவர் செந்திலும் அங்கே பல வருடமாக இருக்கிறார்கள். வாடகை வீட்டின் சொந்தக்காரர் வீட்டை விற்கப் போகிறேன், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். இனி வாடகை வேண்டாம், சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருந்தார்கள். புருஷனுக்கு ஒன்று பிடித்தது, பெண்டாட்டிக்கு இன்னொன்று. கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், "அண்ணன் வந்து பாத்து சொல்லட்டும்" என்பது. இரண்டு பேருக்கும் நல்லவனாக இருப்பதன் தண்டனை அது.

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரிக்குப் பொறுமை அதிகம். பருப்புப் பொடியை முகர்ந்து பார்த்து, தும்மி, திருப்பிக் கொடுத்தார். சுண்டைக்காய் வற்றலை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது விதையா?" என்றார். குழம்பு என்றேன். அவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு, நான் முன்கூட்டியே படிவத்தில் சொன்னதற்கு நன்றி என்று சிரித்தார். பறித்துக்கொண்டு நன்றியும் சொல்லும் அதிகாரியை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

வெளியே இருவரும் நின்றிருந்தார்கள். வசந்தி இளைத்திருந்தாள். காரில் என்னை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். மோட்டார்வேயில் ஏறியதும் ஏதோ கேட்கத் திரும்பினேன். கண்ணை இறுக்க மூடி, இரண்டு கையாலும் சீட் பெல்ட்டைப் பிடித்தபடி இருந்தாள். செந்தில் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை அசைத்தார், இப்போது பேச வேண்டாம் என்று.

விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் போனில் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. போன வருடம் மழை நாளில் அவள் வேலை முடிந்து திரும்பும்போது பக்கத்து வரிசையிலிருந்து ஒரு கார் சறுக்கி அவள் கார் மேல் வந்து மோதியது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. குழந்தைகள் காப்பகத்தில் பார்த்த வேலைக்குக் காரில்லாமல் போய்வர வழியில்லை. அதையும் விட்டுவிட்டாள். ஒரே மகள் மெல்போர்னில் கிளேட்டனில் தங்கிப் படிக்கிறாள். போன் செய்தால், "I'm fine மா, you go out a bit, please" என்கிறாள். எங்கே போவது என்பதுதான் கேள்வி.

அவர்கள் இருக்கும் இடத்தை எஸ்டேட் என்கிறார்கள். எஸ்டேட் என்றதும் நான் தேயிலையை எதிர்பார்த்தேன். வந்து பார்த்தால் வரிசையாகக் கறுப்புக் கூரைகள். ஒரு வீட்டுக் கூரையிலிருந்து அடுத்த வீட்டுக் கூரைக்குப் பூனை யோசிக்காமல் தாவலாம். ஒவ்வொரு வீடும் தெருவுக்கு முகம் காட்டாமல் கார் ஷெட்டின் கதவைத்தான் காட்டுகிறது. மாலையில் கதவு தானாகத் திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். மனிதர்கள் இருப்பதற்கு அதுதான் சாட்சி.

மறுநாள் காலை, பழக்க தோஷத்தில் நடக்கக் கிளம்பினேன். திருச்சியில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு வந்து சேருபவன் என்ற திமிர் எனக்கு உண்டு. முதல் தெரு வளைந்து போய் ஒரு வட்டத்தில் முடிந்தது. திரும்பி வந்து அடுத்த தெருவில் போனேன். அதுவும் வளைந்து வட்டத்தில் முடிந்தது. மூன்றாவது முட்டுச்சந்தில் ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. இரண்டாம் முறை அதே நாய் குரைத்தபோதுதான் நான் அதே இடத்துக்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. வழி கேட்க ஆளில்லை. எங்கள் ஊரில் வழி தெரியாவிட்டால் டீக்கடை இருக்கும், கேட்காமலே நாலு பேர் நாலு திசை காட்டுவார்கள். இங்கே தபால் பெட்டிகள்தான் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன.

கடைசியில் ஒரு வீட்டு முன் கார் கழுவிக்கொண்டிருந்த மனிதர் என்னைப் பார்த்துக் குழாயை மூடினார். "அண்ணை, தமிழோ? எங்க போறியள்?"

யோகன் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நான் விலாசத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "உங்கட தங்கச்சி வீடு இந்த வேலிக்கு அங்கால தான் அண்ணை. கல்லெறிஞ்சா விழும். ஆனா நடந்து போறதெண்டா திரும்பச் சுத்தித்தான் போகோணும். ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்."

"இவ்வளவு பக்கத்துக்குக் காரா?"

"ஓம். இஞ்ச நடக்கிற ஆக்கள் இல்லை அண்ணை. நடந்து போனா, கார் பழுதாப் போச்சோ எண்டு கேப்பினம்."

வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்குக் காரில் சுற்றி வந்து இறங்கினேன். வசந்தி வாசலில் நின்று சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்தது நான் வந்தபிறகு அதுதான் முதல் தடவை. தொலைந்துபோனதில் இப்படி ஒரு லாபம் இருக்குமானால் தினமும் தொலையலாம்.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கடைத்தெருவின் பெரிய பச்சை எழுத்துகள் தெரியும். காலையில் ரொட்டி சுடும் வாசனைகூட வரும். ஆனால் அங்கே நடந்து போவதென்றால் முட்டுச்சந்தை விட்டு வெளியேறி, வளைவெல்லாம் வளைந்து, நடைபாதையே இல்லாத பெரிய சாலையின் ஓரமாகப் போய், ஒரு ரவுண்டபவுட்டைக் கடக்க வேண்டும். நான் அவளை ஒருநாள் இழுத்துக்கொண்டு போனேன். ரவுண்டபவுட் வரை வந்தாள். கார்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "போலாம் அண்ணா" என்றாள், வீட்டுப் பக்கம் பார்த்து. கொத்தமல்லி தீர்ந்துவிட்டால் சனிக்கிழமை செந்தில் காரை எடுக்கும்வரை கொத்தமல்லி கிடையாது. ரசம் மொட்டையாகத்தான் வைக்க வேண்டும்.

இப்படித் தெரு போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. திருச்சியைச் சுற்றியும் இப்போது இதே கதைதான். வயலை வாங்கி, கல் நட்டு, ஏதாவது ஒரு நகர் என்று பெயர் வைப்பார்கள். ஒரு மனைப்பிரிவுக்காரர் போட்ட சாலை அடுத்த மனைப்பிரிவுச் சுவரில் முட்டி நிற்கும். அந்த நகர் ஆட்கள் இந்த நகர் வழியாக வரக்கூடாதாம். இங்கே வளைத்து முடிக்கிறார்கள், அங்கே முட்டவைத்து முடிக்கிறோம். நடக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு லியு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீனாவில் செங்டு நகரத்துக்காரர், மகனோடு வந்து தங்கியிருக்கிறார். தோட்டத்தில் பூண்டும் கீரையும் போட்டிருக்கிறார். நானும் அவரும் வேலியின் இரு பக்கமும் நின்று கைபேசியை நடுவில் வைத்துப் பேசிக்கொள்வோம். அவர் சீனத்தில் மழை மாதிரி பொழிவார், கைபேசி அதைத் தூய தமிழில் சொல்லும். "வணக்கம் ஐயா, தாங்கள் இன்று உணவு உண்டீர்களா?" திருச்சியில் யாரும் என்னை இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

அவர் வீட்டுத் தோட்டம் முடிகிற இடத்தில் மழைநீர் ஓடும் புல்வெளி. புல்வெளியைத் தாண்டினால் நேரே கடைத்தெரு, பேருந்து நிறுத்தம். லியு அம்மா வந்த கொஞ்ச நாளில் மகனை நச்சரித்துப் பின்வேலியில் ஒரு சிறிய கதவு வைத்துக்கொண்டார். கவுன்சிலில் அனுமதி வாங்கினார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்ஜினியர் புத்தியைக் காட்டிவிட்டான் என்பார்கள். ஒரு மாலை அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கதவு வழியாகப் போனார். சும்மா புல்லில் நடந்தோம், கடை வந்துவிட்டது. ஒரு சாலையைக்கூடக் கடக்கவில்லை. வசந்தி கொத்தமல்லிக் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, அதை முகர்ந்தபடியே திரும்பி வந்தாள்.

கதவு வைக்க எப்படித் தோன்றியது என்று கேட்டேன். லியு அம்மா அவருடைய ஊர்க் கதையைச் சொன்னார். சின்ன வயதில் சந்துக்குள் சந்து போகும் பழைய தெருவில் இருந்தார்களாம். வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டுக் காய் நறுக்கினால் தெருவே கூட உட்கார்ந்து நறுக்குமாம். பிறகு ஊர் வளர்ந்தது. சந்துகளை இடித்து, ஊரின் ஓரத்தில் அடுக்கு மாடியில் வீடு கொடுத்தார்கள். வீடு நல்ல வீடு, குழாயில் வெந்நீர் வரும். ஆனால் பத்துப் பதினைந்து கட்டடத்தைச் சுற்றி ஒரே சுவர், ஒரே வாசல், வாசலுக்கு ஒரு காவலாளி. காய்கறிச் சந்தை சுவருக்கு நேர் பின்னால். போக வேண்டுமானால் அந்தச் சுவரை முழுக்கச் சுற்றி, ஆறு பேருந்து ஒன்றாகப் போகும் அகலச் சாலையைக் கடக்க வேண்டும்.

"பிறகு?" என்றேன்.

"யாரோ ஒருவர் சந்தைப் பக்கம் சுவரில் இருந்த கம்பித் தடுப்பை வளைத்தார்" என்றது கைபேசி. "காவலாளி சரிசெய்தார். மீண்டும் வளைந்தது. யார் செய்தது என்று எவருக்கும் தெரியவில்லை." சொல்லும்போதே லியு அம்மா தன் மணிக்கட்டைத் திருகிக் காட்டிச் சிரித்தார். கடைசியில் நிர்வாகமே அலுத்துப்போய் அங்கே ஒரு சின்ன வாசல் வைத்துக் கொடுத்ததாம்.

சனிக்கிழமை இரண்டு வீடுகளையும் பார்க்கக் கிளம்பினோம். முதலாவது செந்திலுக்குப் பிடித்த வீடு. இப்போதைய எஸ்டேட்டையும் தாண்டி, இன்னும் புழுதி அடங்காத புது எஸ்டேட். நேற்றுவரை மாடு மேய்ந்த இடம். வரைபடத்தில் சாலை இருக்கிறது, தரையில் இன்னும் வரவில்லை. வழிகாட்டும் பெண் குரல் எங்களை ஒரு மண்மேட்டின் முன் கொண்டுபோய், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று வாழ்த்தியது. ஒருவழியாக வீட்டைக் கண்டுபிடித்தோம். முட்டுச்சந்தின் கோடியில், கிழக்குப் பார்த்த வாசல், அக்னி மூலையில் அடுப்பு, பெரிய பெரிய அறைகள். திருச்சியில் இப்படி ஒரு பிளான் நான் போட்டிருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். செந்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தி வாசலில் நின்று, "பஸ் எங்க வரும்?" என்று கேட்டாள். வீட்டைக் காட்ட வந்த இளைஞன், எதிர்காலத்தில் வரும் என்றான்.

இரண்டாவது வீடு டூங்கபி என்ற பழைய புறநகரில். பழைய செங்கல் வீடு, சின்னது. சமையலறை ஓடுகள் இருமலுக்குக் கொடுக்கும் சிரப்பின் நிறம். ஆனால் தெருவில் மனிதர்கள் இருந்தார்கள். ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போனார். இரண்டு பெண்கள் சேலையில் நடந்து போனார்கள், பின்னால் குழந்தை வண்டி. ஒரு தெரு அடுத்த தெருவில் சேர்ந்தது, அது இன்னொன்றில் சேர்ந்தது, எதுவும் பாதியில் செத்துப்போகவில்லை. எல்லாம் சரி. ஆனால் வீட்டின் வாசலுக்கு நேர் எதிரே, ரயில் நிலையத்திலிருந்து வரும் தெரு அம்பு மாதிரி வந்து முட்டியது. பச்சையான தெருக்குத்து.

நாங்கள் நிற்கும்போதே ஒரு சீனத் தம்பதி காரை நிறுத்தி இறங்கினார்கள். கணவர் வீட்டைப் பார்த்தார், திரும்பித் தெருவைப் பார்த்தார், மனைவியிடம் ஒரே வார்த்தை சொன்னார். இருவரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். வீட்டை விற்க நின்றிருந்த ஏஜெண்டு பெருமூச்சு விட்டார். "சீனர்களும் வந்து இப்படித்தான் போகிறார்கள், உங்கள் ஆட்களும் வந்து இப்படித்தான் போகிறார்கள். சமையலறையை யாராவது குறை சொன்னால்கூடப் பரவாயில்லை, உள்ளேயே வருவதில்லை" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. இதே வியாபாரத்தில் நானும் இருக்கிறேன் ஐயா.

பசி வந்துவிட்டது. பக்கத்துக் கடையில் கொத்து ரொட்டியும் மட்டன் ரோல்ஸும் வாங்கிப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உறைப்பு கண்ணில் நீர் வரவழைத்தது. நான் இங்கிருந்து வீட்டுக்கு ரயிலில் போய்ப் பார்க்கிறேன், வசந்தியும் வரட்டும் என்றேன். ஸ்டேஷனுக்குப் போனால் ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் கையை விரித்தார். வார இறுதியில் தண்டவாள வேலை, ரயில் ஓடாதாம், பேருந்து விட்டிருக்கிறார்களாம். பேருந்து எங்கே என்றால் அது இப்போதுதான் போனதாம். எங்கள் ஊர் ரயில்வே மேல் எனக்குத் திடீரென்று மரியாதை வந்தது. மறுபடி காரிலேயே வீடு திரும்பினோம்.

அன்று மாலை பஞ்சாயத்து கூடியது. செந்தில் நேரே விஷயத்துக்கு வந்தார். "மச்சான், உங்களுக்கே தெரியும். தெருக்குத்து வேணாம்னு எங்க வீட்ல எல்லாரும் சொல்றாங்க. அதைக்கூட விடுங்க. காரைப் பாத்தாலே நடுங்கறா. நாள் பூரா கார் நேரா வாசலைப் பாத்து வர்ற வீட்ல இவளைக் கொண்டுபோய் வைக்கச் சொல்றீங்களா?"

அவர் சொன்னது நியாயம். வாஸ்துக்காரன் சொல்கிற பயத்தைவிடப் புருஷன் சொல்கிற பயம் கனமானது. நான் நழுவப் பார்த்தேன். இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது, நம் வாஸ்துவை அப்படியே கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும், அதனால் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் மாப்பிள்ளை என்றேன். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனாலும் நழுவல் நழுவல்தான்.

வசந்தி எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள், தேவைக்கு அதிகமான சத்தத்தோடு. பின்னாலேயே போனேன்.

"உனக்கு என்னதான் வேணும், வாயைத் தொறந்து சொல்லு."

"அந்த வீட்ல இருந்தா யாரையும் கேக்காம நான் வெளில போவேன் அண்ணா. அவ்ளோதான்."

"அதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, 'நான் எப்ப உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னேன்?'ம்பாரு. அவர் சொல்றதும் நெசம்தான். ஒருநாள்கூட மொகம் சுளிச்சதில்ல. அதான் கஷ்டமே." குழாயை மூடினாள். "போற பயத்தைவிட, இப்படியே இருந்துருவேனோங்கற பயம் பெருசா இருக்கு அண்ணா."

சின்ன வயதில் வாடகை சைக்கிளை முதலில் ஓட்டிக்காட்டியது அவள்தான், நான் இல்லை. தில்லைநகர் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள்.

மறுநாள் லியு அம்மாவிடம் தெருக்குத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கையை நீட்டித் தன் நெஞ்சில் குத்துவது போலக் காட்டினார். அவர்கள் ஊரிலும் அப்படியேதான். அந்த இடத்தில் எழுத்து வெட்டிய கல் ஒன்றை நட்டுவிடுவார்களாம். எங்கள் ஊரில் பிள்ளையாரை வைப்போம் என்றேன். வந்து முட்டுவதை யாராவது ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை. செந்தில் அலுவலகம் போயிருந்தார். வசந்தி வைத்த வற்றல் இல்லாத வற்றல்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நான் கொஞ்சம் கண் அசந்தேன். எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. வசந்தி என்று கூப்பிட்டேன். மாடியில் இல்லை, தோட்டத்தில் இல்லை. அவள் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. செருப்பு இல்லை.

தெருவில் இறங்கி வட்டத்தின் கோடிவரை ஓடினேன். அதே நாய் குரைத்தது. செந்திலைக் கூப்பிட்டேன். "தனியாவா? அவ தனியாப் போக மாட்டாளே மச்சான்" என்றார். சொல்லும்போதே குரல் மாறியது. எவ்வளவு வேகமாக வந்தாரோ, டையைக்கூடக் கழற்றவில்லை.

காரில் ஏறித் தேடினோம். அப்போதுதான் அந்தத் தெருக்களின் கொடுமை முழுதாகத் தெரிந்தது. ஒரு முட்டுச்சந்தில் நுழைந்து, கோடிவரை போய், திரும்பி வெளியே வந்து, அடுத்ததில் நுழைய வேண்டும். நாங்கள் ஒரு வளைவில் இருக்கும்போது அவள் இன்னொரு வளைவில் போனால் தெரியவே தெரியாது. ரவுண்டபவுட்டை நெருங்கும்போது செந்தில் வேகத்தைக் குறைத்துச் சாலையின் ஓரத்தையெல்லாம் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று புரிந்ததும் நானும் என் பக்கத்து ஓரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். யோகன் பேருந்தை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தார். நிறுத்தி, "நான் காணேல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிப்போட்டு நானும் பாக்கிறன்" என்றார்.

செந்தில் மறுபடி காரை எடுத்தார். "கண்ணை மூடிட்டு காரில உக்காருவா மச்சான். நான் அதைக் கண்டுக்காத மாதிரி பாட்டு போடுவேன். வேற என்ன செய்யன்னு தெரியல" என்றார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

போலீஸுக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் லியு அம்மா நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கைபேசியை எடுத்தார். அது அவசரமே இல்லாமல் பேசியது. "தங்கள் சகோதரி என் தோட்டத்தின் வழியாகச் சென்றார். பேருந்தில் ஏறினார். நான் கையசைத்தேன். அவரும் கையசைத்தார்."

"பஸ்ஸா?" என்றார் செந்தில். "எங்க போனா?"

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. "டூங்கபிக்கு விடுங்க மாப்பிள்ளை."

பாதி உயிர் அப்போது திரும்பியது, மீதிப் பாதி வழியெல்லாம் தொண்டையில் நின்றது. பேருந்து பிளாக்டவுன் ஸ்டேஷன் பக்கத்தில் விட்டுவிடும். அங்கே இறங்கிச் சாலையைக் கடந்து, படியேறி, ரயில் மாறி வர வேண்டும். அந்த ஜனநெரிசலில் எங்காவது உறைந்துபோய் நின்றுவிட்டால்? சிவப்பு விளக்குகள் எங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தின.

ஸ்டேஷனிலிருந்து வரும் தெருவில் திரும்பியதுமே அவளைப் பார்த்துவிட்டோம். காலியாக இருந்த அந்த வீட்டின் முன்படியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விற்பனைப் பலகை பக்கத்தில் நின்றது. செந்தில் காரை எப்படி நிறுத்தினார் என்று எனக்கு நினைவில்லை. ஓடிப்போய் அவள் முன்னால் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் டையைத்தான் தளர்த்தினார். நான் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டேன். கடவுளே, நன்றாக இருக்கிறாள், முழுசாக இருக்கிறாள்.

"போனை ஏன் வச்சிட்டு வந்தே?" என்று கடைசியில் கேட்டார்.

"எடுத்துட்டு வந்திருந்தா நீங்க கூப்பிட்டிருப்பீங்க. உங்க குரலைக் கேட்டா நான் பாதியிலயே திரும்பியிருப்பேன்" என்றாள். "உங்களை பயமுறுத்திட்டேன். தப்புதான். ஆனா ஒருதடவை நானா வந்து பாக்கணும்."

"என்ன பாக்கணும்?"

"நீங்க சொன்னதைத்தான். கார் நேரா வரும்னீங்களே." கொஞ்சம் நகர்ந்து படியில் இடம்விட்டாள். "உக்காருங்க."

செந்தில் உட்கார்ந்தார். ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. நேராக வந்தது, எங்களையே பார்த்து வந்தது. அவள் கை கைப்பையின் வாரை இறுக்கியதைப் பார்த்தேன், ஆனால் கண்ணை மூடவில்லை. முட்டுமுனைக்குக் கிட்டே வந்ததும் கார் வேகம் குறைந்து, விளக்கு சிமிட்டி, இடதுபக்கம் திரும்பிப் போனது. பின்னால் ஒரு வேன் வந்து வலதுபக்கம் போனது.

"வந்ததுல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள் வசந்தி. "ஒவ்வொண்ணும் என்னைப் பாத்துத்தான் வருது. கிட்ட வந்ததும் எல்லாம் திரும்பிடுது."

செந்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து கார்ச் சாவியை எடுத்து, "சரி, வா, போலாம்" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் கார்ல போங்க. நான் வந்த வழியிலயே வர்றேன்" என்றாள். எங்கள் பதிலுக்குக் காத்திராமல் தெருவைக் கடந்தாள். கடக்குமுன் வலதும் இடதும் பார்த்தாள், ஒருமுறைக்கு இருமுறை. பிறகு நடைபாதையில் ஏறி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். தெரு நேர்த்தெரு. வளைவு இல்லை, மறைப்பு இல்லை. மரத்தடி நிழலில் அவள் சேலைத் தலைப்பு மங்கும், வெயிலில் மறுபடி தெரியும். செந்தில் வாசலிலேயே நின்று, அவள் ஸ்டேஷன் படியேறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கருந்து பாத்தா ஸ்டேஷன்வரைக்கும் தெரியுது, இல்ல மச்சான்?" என்றார்.

"தெரியுது மாப்பிள்ளை."

போனை எடுத்து, விற்பனைப் பலகையில் இருந்த எண்ணை அழுத்தினார்.